சின்ன இசகாயா கவுண்டர்ல தனியா போய் சாப்பிடறது எப்படி: கதவைத் திறக்கறதுல இருந்து பில் கட்டற வரைக்கும் முழுசா

டோக்கியோ வந்து முதல் ஒரு வருஷம் இசகாயான்னாலே எனக்கு செயின் கடைதான், ஆபீஸ் ஆளுங்க கூட்டிட்டுப் போவாங்க, டேபிள்ல டேப்லெட் இருக்கும், படத்தைப் பாத்து தட்டினா சாப்பாடு வரும், கடைசில ஆளுக்கு இவ்ளோன்னு பிரிச்சு கட்டிட்டு கிளம்பிடுவோம். ஆனா ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு நடக்கற வழியில சந்துக்கு ஒண்ணு சின்னக் கடை இருக்கும் பாருங்க, வாசல்ல ஒரு சிவப்பு காகித விளக்கு, பாதிக் கதவை மறைக்கற மாதிரி துணி, உள்ள யார் இருக்காங்கன்னே தெரியாது, சிரிப்புச் சத்தமும் மீன் சுடற வாசனையும் மட்டும் வெளிய வரும். அந்தக் கதவுல கை வைக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. இப்போ மாசத்துக்கு ரெண்டு தடவையாவது போறேன், புதுசா வர்ற நம்ம பசங்க நிறைய பேர் கேக்கறாங்க, வாட்ஸ்அப்ல துண்டு துண்டா சொல்லி சொல்லி அலுத்துப் போச்சு, அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

முதல்ல அந்தக் கடை என்னன்னு ரெண்டு வரி. சாகாயான்னா சாராயம் விக்கற கடை, முன்னாடி இ-ன்னு சேத்தா அங்கயே இருந்து குடிக்கறதுன்னு அர்த்தம் வருது. பழைய எடோ காலத்துல சாக்கேங்கற அரிசிச் சரக்கு வாங்க வந்தவன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாம கடையிலயே நின்னு குடிக்க ஆரம்பிச்சான், கடைக்காரன் தொட்டுக்க ஏதாவது வச்சான், அப்படி வளந்ததுதான் இது. அதனால இது ரெஸ்டாரண்டும் இல்ல, பாரும் இல்ல, ரெண்டும் கலந்தது. நான் சொல்லப்போற கடைல எட்டு சீட்டு, மிஞ்சிப்போனா பத்து சீட்டு இருக்கும், எல்லாமே கவுண்டர்தான், அந்தப் பக்கம் ஒருத்தர் சமைச்சிட்டே சரக்கும் ஊத்துவார், பில்லும் அவர்தான் போடுவார். ஆம்பளைன்னா தாய்ஷோ, பொம்பளைன்னா ஒகாமி-சான், அப்படித்தான் கூப்பிடுவாங்க.

இதை மட்டும் மண்டைல ஏத்திக்கோங்க, மீதியெல்லாம் தானா புரியும்: நீங்க உக்காந்திருக்கறது ஒருத்தரோட சமையல்கட்டுக்குள்ள. அவர் கையைப் பாத்து நடந்துக்கணும். கை வேலையா இருந்தா வாய் மூடியிருக்கணும், கை ஓஞ்சா பேசலாம். நான் சொதப்பின கதையெல்லாம் இது தெரியாம வந்ததுதான்.

படி 1: எந்தக் கடை, எந்த நேரம்

டோக்கியோல சின்னக் கடை சந்துன்னா எல்லாரும் ஷின்ஜுகு ஓமோய்தே யோகோச்சோ, கோல்டன் காய்ன்னு ஆரம்பிப்பாங்க. போங்க, தப்பில்ல, ஆனா இப்போ அங்க டூரிஸ்ட் கூட்டம்தான் ஜாஸ்தி, சில கடைல தனியா சீட் சார்ஜும் போடுவாங்க, கோல்டன் காய்ல இருக்கறது முக்காவாசி பார்தான், சாப்பாட்டுக்குப் போற இடம் இல்ல. கிச்சிஜோஜி ஸ்டேஷன் பக்கம் ஹார்மோனிகா யோகோச்சோ, அகாபானே, கிதா-சென்ஜு இதெல்லாம் உள்ளூர்க்காரங்க குடிக்கற ஏரியா. நம்ம ஆளுங்க நிறைய பேர் நிஷி-கசாய் பக்கம்தானே இருக்கோம், அங்க இருந்து தோசாய் லைன்ல நாலாவது ஸ்டேஷன் மோன்சென்-நாகாச்சோ, கோயில் வாசல் ஊரு, பின்னாடி தத்சுமி ஷிந்தோன்னு ஒரு ஒல்லிச் சந்து, ரெண்டு பேர் எதிர எதிர வந்தா தோளைத் திருப்பித்தான் போகணும், ரெண்டு பக்கமும் தீப்பெட்டி சைஸ் கடைங்க. நான் கத்துக்கிட்டது அந்த ஊர்லதான். ஒசாகான்னா நம்பா பின்பக்கம், கியோட்டோன்னா பொந்தோச்சோ, ஃபுகுவோகான்னா நாகாசு ஆத்தோரம் இருக்கற யாதாய் தள்ளுவண்டிக் கடைங்க, அது தனி உலகம்.

நேரம் ரொம்ப முக்கியம். நிறைய கடை 5 மணிக்குத் திறப்பாங்க. முதல் தடவை போறவங்க திறந்த அரை மணி நேரத்துக்குள்ள போயிடுங்க, செவ்வாய் புதன் மாதிரி வாரநாளா பாத்துக்கோங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி 8 மணிக்குப் போய் கதவைத் திறந்தீங்கன்னா எட்டு சீட்டும் நிரம்பி எட்டுத் தலையும் உங்களைத் திரும்பிப் பாக்கும், அது ஒரு மாதிரி இருக்கும். ஆள் எண்ணிக்கை ஒண்ணு, இல்லன்னா ரெண்டு. நாலு பேரா போறதா இருந்தா இந்த மாதிரி கடையே வேணாம், செயின் கடைக்குப் போங்க, அங்க டேபிள் இருக்கு.

தெருவுல நின்னு கையைப் பிடிச்சு இழுக்கற, மெனு அட்டையை நீட்டற ஆளுங்க பின்னாடி எந்தக் காரணத்துக்கும் போகாதீங்க. நல்ல சின்னக் கடைக்கு ஆள் பிடிக்க வேண்டிய அவசியமே இல்ல.

படி 2: கதவு

வாசல்ல தொங்கற துணிக்கு நோரென்னு பேரு. அது வெளிய தொங்கினா கடை திறந்திருக்கு, உள்ள எடுத்து வச்சுட்டா மூடியாச்சு, விளக்கு எரிஞ்சாலும் ஆள் இருந்தாலும் மூடியாச்சுதான். கதவு பெரும்பாலும் பக்கவாட்டுல தள்றது, தள்ளிட்டு அங்கயே நில்லுங்க, உள்ள போயிடாதீங்க. ஒரு விரலைக் காட்டி "ஹிதோரி தேசு கெதோ, ஹாய்ரெமாசு கா", அதாவது ஒருத்தன்தான், வரலாமான்னு கேளுங்க. ரெண்டு பேர்னா ஃபுதாரி. "தோசோ"ன்னா வாங்க. ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னாடி குறுக்கா வச்சுக் காட்டினாலோ, "மன்செகி"ன்னாலோ, "யோயாகு"ன்னாலோ இடம் இல்ல, இல்லன்னா ரிசர்வ் ஆயிருக்குன்னு அர்த்தம், லேசா தலையைக் குனிஞ்சுட்டு கதவை மூடிட்டு அடுத்த கடை பாருங்க. மனசுல வச்சுக்காதீங்க. சில கடைல வெளிநாட்டுக்காரன்னு பாத்து யோசிக்கறது உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா என் அனுபவத்துல அது பெரும்பாலும் இவன்கிட்ட என்ன பாஷைல பேசறதுங்கற பயம்தான், ரெண்டு வார்த்தை ஜாப்பனீஸ் உங்க வாயில வந்ததும் அந்த முகம் அப்படியே மாறிடும்.

அப்பறம் அவர் காட்டற சீட்லதான் உக்காரணும். நான் முதல் தடவை போன கடைல அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள ஓரமா நல்ல சீட்டா இருக்கேன்னு போய் உக்காந்துட்டேன். கடையே ஒரு நொடி அமைதி ஆச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. பத்து நிமிஷம் கழிச்சு ஒரு தாத்தா கதவைத் திறந்தார், என்னைப் பாத்தார், தாய்ஷோவைப் பாத்தார், சிரிச்சுட்டு நடு சீட்ல போய் உக்காந்தார், அவரு பேர் எழுதின ஷோச்சு சரக்கு பாட்டில் மட்டும் எனக்கு நேர் எதிர ஷெல்ஃப்ல இருந்தது, அதை எடுக்கறதுக்கு ஒவ்வொரு தடவையும் தாய்ஷோ என் தலைக்கு மேல கையை நீட்டினார். புரிஞ்சுதா, ரெகுலரா வர்றவங்களுக்கு, ஜோரென்னு சொல்வாங்க, எழுதாத சீட் நம்பர் உண்டு.

பையை கவுண்டர் மேல வைக்கவே கூடாது, காலடில கூடை இருக்கும், கவுண்டருக்கு அடியில கொக்கி இருக்கும், தடவிப் பாருங்க. கோட்டுக்கு சுவத்துல ஹேங்கர். செண்ட் அடிச்சுட்டு போகாதீங்க, பக்கத்து ஆள் மீனை மோந்து பாத்து சாப்பிடறவரா இருப்பார்.

சிகரெட் பத்தி ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல்ல இருந்து ஜப்பான்ல கடைக்குள்ள பிடிக்கறது பொதுவா தடை, ஆனா அதுக்கு முன்னாடியே இருந்த சின்னக் கடைங்களுக்கு விலக்கு இருக்கு, வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. புகை ஒத்துக்காதுன்னா அதைப் பாத்துட்டு உள்ள போங்க.

படி 3: முதல் அஞ்சு நிமிஷம்

உக்காந்ததும் சுருட்டின ஈரத் துண்டு வரும், ஓஷிபொரி, குளிர்காலத்துல சுடச்சுட இருக்கும். கையைத் தொடைங்க. பக்கத்துல இருக்கற மாமா முகம் கழுத்தெல்லாம் தொடைப்பார், அவர் அறுபது வயசுக்கு சம்பாதிச்ச உரிமை அது, நீங்க பண்ணாதீங்க.

அடுத்த கேள்வி உடனே வரும், "ஓநோமிமோனோ வா?", குடிக்க என்ன. இங்கதான் எல்லாரும் மெனுவை எடுத்துப் புரட்டிட்டு பத்து நிமிஷம் எடுத்துக்கறோம். வேணாம். முதல் ட்ரிங்க் யோசிக்கறதுக்கானது இல்ல, அதனாலதான் "தோரியாயேசு நாமா"ன்னு ஒரு வாசகமே இருக்கு, இப்போதைக்கு ஒரு டிராஃப்ட் பீர், மீதி அப்பறம் பாத்துக்கலாம்னு அர்த்தம். பீர் பிடிக்காதுன்னா ஹைபால், அது விஸ்கியும் சோடாவும், இல்லன்னா லெமன் சவர். குடிக்கறதே இல்லன்னா கூச்சமே படாம "ஊரோன்-சா"ன்னு சொல்லுங்க, ஊலாங் டீ, எல்லாக் கடையிலயும் உண்டு, பீரை மாதிரியே ஐஸ் போட்டு பெரிய கிளாஸ்ல வரும். நான் ஆண்டிபயாடிக் சாப்பிட்ட வாரம் முழுக்க அதைக் குடிச்சே உக்காந்திருக்கேன், யாரும் ஒரு மாதிரி பாக்கல. ஆனா ஏதாவது ஒரு ட்ரிங்க் வாங்கியே ஆகணும், வெறும் தண்ணிய வச்சுட்டு சாப்பாடு மட்டும் கேக்கறது இங்க அழகில்ல, அவங்க பொழப்பே அந்த கிளாஸ்லதான் ஓடுது. இருபது வயசுக்குக் கீழ இருந்தா சரக்கு கிடையாது, 2022-ல மேஜர் வயசை 18 ஆக்கினாங்க, ஆனா குடிக்கற வயசு 20 அப்படியே இருக்கு.

ட்ரிங்கோட கூடவே நீங்க கேக்காத ஒரு குட்டிக் கிண்ணம் வரும். இதுதான் ஓதோஷி, ஒசாகா பக்கம் த்சுகிதாஷி. இதுக்குக் காசு உண்டு, 300-லருந்து 500 யென் வரைக்கும் இருக்கும் பெரும்பாலும், உக்கார்ற காசுன்னு நினைச்சுக்கோங்க. நான் ஆர்டர் பண்ணலையேன்னு திருப்பிக் குடுக்கறவங்களை பாத்திருக்கேன், சண்டை போட்ட டூரிஸ்டையும் பாத்திருக்கேன். என் பார்வை வேற. அந்தக் கிண்ணம்தான் கடையோட ஜாதகம். செயின் கடைல பாக்கெட் பிரிச்சு போட்ட எடமாமே, பச்சை சோயாக்காய், வரும். நல்ல கடைல அன்னைக்குக் காலைல வாங்கினது எதையாவது வேகவச்சு, ஊறவச்சு, ஒரு பிடி வச்சிருப்பாங்க. ஒரு நவம்பர் ராத்திரி எனக்கு வந்தது மூணே துண்டு முள்ளங்கி, டாஷிங்கற சாறுல வெந்தது, சாப்ஸ்டிக் வச்சா வெண்ணெய் மாதிரி பிளக்குது, மேல துளி மஞ்சளா யூசுங்கற எலுமிச்சை மாதிரி பழத்தோட தோல். அதைச் சாப்பிட்டதும் மெனுவை மூடி வச்சுட்டு அவரே என்ன குடுக்கறாரோ குடுக்கட்டும்னு முடிவு பண்ணேன். ஓதோஷி சுமாரா இருந்தா ஒரு பீரோட எந்திரிச்சு அடுத்த கடைக்குப் போயிடுவேன். அதுக்கும் இங்க பேரு இருக்கு, ஹாஷிகோ-சாகே, ஏணி குடி, படிப்படியா கடை மாத்தி ஏறிட்டே போறது.

படி 4: ஆர்டர் பண்றது, முக்கியமா எப்போ பண்றது

அச்சடிச்ச மெனு ஒண்ணு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உண்மையான மெனு சுவத்துல ஒட்டின நீட்டுக் காகிதத் துண்டுங்கதான், கையெழுத்துல, விலையே காஞ்சிங்கற சீன வழி எழுத்துல போட்டிருப்பாங்க. போன் கேமராவை வச்சு மொழிபெயர்த்தா கிறுக்கல் கையெழுத்துல அது ஏதேதோ உளறும். ஒண்ணு ரெண்டு மூணு பத்து நூறு ஆயிரம் இந்த காஞ்சியை மட்டும் கத்துக்கிட்டுப் போங்க, விலை படிக்கத் தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும். விலைக்குப் பதிலா "ஜிகா"ன்னு போட்டிருந்தா அன்னைக்கு மார்க்கெட் விலை, கேக்காம வாங்காதீங்க, "இகுரா குராய் தேசு கா"ன்னு கேக்கறது அசிங்கம் கிடையாது.

படிக்கவே முடியலையா, "ஓசுசுமே வா?"ன்னு கேளுங்க, இன்னைக்கு எது நல்லாருக்கு. இல்லன்னா பக்கத்து ஆள் தட்டை லேசா காட்டி "ஓனாஜி மோனோ", அதேதான். இது கவுண்டர்ல மட்டுமே கிடைக்கற வசதி. அந்தப் பக்கத்து ஆளுக்கும் பெருமையா இருக்கும், பேச்சு அங்கதான் ஆரம்பிக்கும்.

இப்போ எப்போன்னு சொல்றேன். நான் ஒரு தடவை "சுமிமாசேன்!"னு, கொஞ்சம் இங்க பாருங்கன்னு, செயின் கடைல கத்தற மாதிரியே கத்தினேன், தாய்ஷோ அப்போ சாஷிமிக்குப் பச்சை மீன் வெட்டிட்டு இருந்தார். கத்தி நடுவுல நின்னுச்சு. அவர் கோவப்படல, மெதுவா மீதியை இழுத்து முடிச்சார், கத்தியைத் தொடைச்சார், கீழ வச்சார், அதுக்கப்பறம் என்னைப் பாத்து "ஹாய்", சொல்லுங்கன்னார். அந்த மூணு நொடி எனக்குப் போதும்போதும்னு ஆச்சு. சாஷிமி கத்தி நீளமா இருக்கும், முன்னும் பின்னும் அறுக்க மாட்டாங்க, ஒரே இழுப்பு, அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே மூச்சுல, நடுவுல நின்னா அந்தத் துண்டோட முகம் கெட்டுப்போகும். அதே மாதிரி யாகிதோரி, அதாவது குச்சியில குத்தின கோழிக்கறி சுடற ஆள் விசிறியை வீசிட்டே குச்சியைத் திருப்பிட்டு இருக்கும்போதும், செம்புச் சட்டியில தாஷிமாகி முட்டையை சுருட்டிட்டு இருக்கும்போதும் கூப்பிடாதீங்க. கையைக் கழுவறார், துணியை மடிக்கறார், தட்டை உங்க முன்னாடி வைக்கறார், அதுதான் உங்க நேரம். சின்னக் குரல்ல சுமிமாசேன். காதுல விழும், கவலைப்படாதீங்க, எட்டு சீட்டுலயும் அவருக்குக் காது இருக்கு.

ஒரே மூச்சுல எட்டு ஐட்டம் சொல்லாதீங்க, ஒருத்தர்தான் சமைக்கறார். ரெண்டு மூணு சொல்லுங்க, பாதி தீரும்போது அடுத்தது. பொதுவா வரிசை இப்படிப் போகும், பச்சையா லேசா இருக்கறது முதல்ல, அப்பறம் சுட்டது, பொரிச்சது, வெந்தது, கடைசில சோறு. நான் வழக்கமா உருளைக்கிழங்கு சாலட் ஒண்ணு, சாஷிமி மோரியாவாசே, அதாவது பல மீன் கலந்த தட்டு, சின்னது ஒண்ணு, இதுல ஆரம்பிப்பேன். உருளைக்கிழங்கு சாலடுக்கும் இசகாயாவுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க, சாப்பிட்டுப் பாருங்க, கடைக்குக் கடை மாறும், ஒருத்தர் ஊறுகாய் முள்ளங்கி போடுவார், ஒருத்தர் பாதி வெந்த முட்டையை மேல வைப்பார்.

யாகிதோரின்னா "தாரே ஷியோ?"ன்னு கேப்பாங்க, சாஸா உப்பான்னு. மோமோ தொடை, நேகிமா தொடையும் வெங்காயத்தாளும், த்சுகுனே கொத்துக்கறி உருண்டை, காவா தோல், ஹாத்சு இதயம், சுனாகிமோ கல்லீரல் இல்ல, நம்ம ஊர்ல கல்லுன்னு சொல்வோமே அது, ஈரல்னா ரேபா. தோலும் கல்லும் உப்புல, ஈரலும் உருண்டையும் சாஸ்ல, இது என் கட்சி. குச்சியில இருந்து எல்லாத்தையும் உருவித் தட்டுல போட்டுப் பிரிக்காதீங்க, சூடு போயிடும், குச்சியோடயே சாப்பிடுங்க, வெறுங்குச்சியைப் போட ஒரு குவளை இருக்கும். சில இடத்துல கோழியைப் பச்சையாவே தருவாங்க, நான் அந்தப் பக்கமே போறதில்ல, வயித்துக்கு விலை போட முடியாது.

கவுண்டர்ல ரெண்டு அடுக்கு இருக்கறதை கவனிச்சிருப்பீங்க, உங்க முன்னாடி ஒண்ணு, அதுக்கு மேல ஒரு படி உயரமா ஒண்ணு. அவர் மேல வைப்பார், நீங்க எடுத்து கீழ வச்சுக்கணும். காலித் தட்டை நிறையக் கடைல திரும்ப மேல வச்சா அவருக்கு உதவிதான், ஆனா பக்கத்து ஆளு என்ன பண்றார்னு பாத்துட்டு செய்யுங்க. மீன் இருக்கற கண்ணாடிப் பெட்டி மேல கையை ஊன்றதோ போனைச் சாய்ச்சு வைக்கறதோ வேணாம். போட்டோ எடுக்கணும்னா "ஷாஷின் ஈ தேசு கா" ஒரு வார்த்தை, தட்டை மட்டும் எடுங்க, பக்கத்துல இருக்கற முகம் வரக்கூடாது, ஆபீஸ்ல ஓவர்டைம்னு வீட்ல சொல்லிட்டு வந்திருப்பார் பாவம்.

சாப்ஸ்டிக்ல ரெண்டே ரெண்டு: சோத்துல செங்குத்தா குத்தி நிறுத்தாதீங்க, ஒருத்தர் சாப்ஸ்டிக்ல இருந்து இன்னொருத்தர் சாப்ஸ்டிக்குக்கு நேரா வாங்காதீங்க. ரெண்டுமே அவங்களுக்கு சாவு வீட்டு ஞாபகம், ரெண்டாவது எரிச்சப்பறம் எலும்பு பொறுக்கற சடங்கு.

சைவமா இருந்தா

இது தனியா எழுதணும், ஏன்னா நம்ம ஆளுங்க இங்கதான் ஏமாறுவாங்க. வெஜிடேரியன்னு சொன்னா தலையாட்டுவாங்க, காய்கறிதான் வரும், ஆனா அந்தக் காய் வெந்த தண்ணி டாஷி. டாஷிங்கறது கோம்பு கடல்பாசியும் கத்சுவோபுஷியும் போட்டு இறக்கற சாறு. கத்சுவோபுஷி என்னன்னா சூரை மீனை அவிச்சு புகை போட்டு காயவச்சு கட்டை மாதிரி ஆக்கினது, எங்க தூத்துக்குடி பக்கம் மாசின்னு சொல்வோமே, மாலத்தீவுல இருந்து வர்றது, கிட்டத்தட்ட அதோட சித்தப்பா பையன்தான், அதே மீனு, அதே வேலைப்பாடு, சீவற விதம் மட்டும் வேற. முதல் தடவை அதை மோந்தப்ப எனக்கு எங்க ஆச்சி இடிச்ச மாசிச் சம்பல்தான் ஞாபகம் வந்துச்சு. எனக்கு சந்தோஷம், சைவக்காரங்களுக்கு சங்கடம். சூப்பு, வெந்த காய், ஆகெதாஷி தோஃபு, தாஷிமாகி முட்டை, ஓதேன் எல்லாத்துலயும் அது இருக்கும், சாஸ்லயும் இருக்கலாம்.

பொழைக்கற வழி இருக்கு. உப்பு போட்ட எடமாமே, சில்லுனு வெட்டின தக்காளி, வெள்ளரிக்காயும் மிசோவும், ஷிஷிதோ மிளகாய் உப்புல சுட்டது, வெங்காயம் சுட்டது, கிங்கோ கொட்டை வறுத்தது, ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ். குளிர்ந்த தோஃபு ஹியாயக்கோ கேக்கும்போதே "கத்சுவோபுஷி நாஷி தே"ன்னு சொல்லணும், இல்லன்னா மேல மீன் சீவலை அள்ளிப் போட்டுடுவாங்க. ஓதோஷிய சாப்பிட முடியாதுன்னு தோணினா உக்காரும்போதே "நிகு தோ சகானா தாபேமாசேன்", கறியும் மீனும் சாப்பிட மாட்டேன்னு சொல்லிடுங்க, வேற எதாவது மாத்தி வைக்கப் பாப்பாங்க. மாட்டுக்கறி மட்டும் வேணாம்னா கியூனிகு, பன்றின்னா புதானிகு, கூட தாபேமாசேன் சேத்துக்கோங்க. முஸ்லிம் நண்பர்கள் கவனிக்க, மிரின்ங்கற இனிப்புச் சமையல் சரக்கும் சமையல் சாக்கேயும் வேகவச்ச ஐட்டம் பாதிக்கு மேல இருக்கும், சாஸ்லயும் இருக்கும். சுத்த சைவமா, டாஷி கூட கூடாதுன்னு இருந்தா உண்மையைச் சொல்லிடறேன், சின்ன இசகாயா உங்களுக்கு சாப்பாட்டுக் கடை இல்ல, கொறிக்கற கடை, வயித்துக்கு வீட்ல ஏதாவது போட்டுட்டு வாங்க.

படி 5: ரெண்டாவது கிளாஸ்

பீர் முடிஞ்சப்பறம்தான் கடை உண்மையா ஆரம்பிக்குது. நிஹோன்ஷு, நாம சாக்கேன்னு சொல்றது, அதை கோ கணக்குல விப்பாங்க, ஒரு கோ 180 மில்லி. சூடா வேணும்னா அத்சுகான், வெதுவெதுப்பா நுருகான், சில்லுன்னு வேணும்னா ரெய்ஷுன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க. ஷோச்சுன்னா அது காய்ச்சி வடிச்சது, இமோ சர்க்கரைவள்ளிக் கிழங்குல, முகி பார்லில, ஐஸ்ல வேணுமா ரோக்கு, தண்ணியில மிசுவாரி, வெந்நீர்ல ஓயுவாரி. குளிர்காலத்துல இமோ ஓயுவாரி குடிச்சுப் பாருங்க, வாசனை முதல்ல குத்தும், மூணாவது வாய்ல பழகிடும்.

சில கடைல சாக்கே ஊத்தற விதமே ஒரு காட்சி. சின்ன மரப்பெட்டிக்குள்ள, இல்லன்னா தட்டு மேல ஒரு கிளாஸை வைப்பார், 1.8 லிட்டர் பாட்டிலை ஒரே கையில கழுத்தைப் பிடிச்சு சாய்ப்பார், கிளாஸ் நிரம்பும், நிக்க மாட்டார், விளிம்புல சாக்கே குமிழ் மாதிரி மேல எழும்பி நிக்கும், இன்னும் ஊத்துவார், வழிஞ்சு பெட்டி பாதி நிரம்பற வரைக்கும். இதுக்கு மோக்கிரின்னு பேரு. இப்போ அந்த கிளாஸைத் தூக்கப் பாக்காதீங்க, பேண்ட் நனையும். குனிஞ்சு வாயை கிளாஸ்கிட்ட கொண்டு போய் முதல் உறிஞ்சு உறிஞ்சணும், கோட்டு போட்ட மேனேஜரும் அப்படித்தான் கோழி தண்ணி குடிக்கற மாதிரி குனிவார். அளவு கொறஞ்சப்பறம் கிளாஸை எடுத்து அடியைத் தொடைச்சுக்கோங்க, பெட்டியில இருக்கறதை கடைசில கிளாஸ்ல ஊத்திக் குடிங்க.

கூட வந்த ஆளு இருந்தா உங்க கிளாஸை நீங்களே நிரப்பறது வழக்கம் இல்ல, அவருக்கு நீங்க ஊத்துங்க, உங்களுக்கு அவர் ஊத்துவார், கான்பாய் சொல்லி இடிக்கும்போது பெரியவங்க கிளாஸை விட உங்க கிளாஸ் ஒரு விரக்கடை கீழ இருக்கணும். தனியா போனா இதெல்லாம் இல்ல, தேஜாகு, தனக்குத்தானே ஊத்திக்கறது, அதுவும் மரியாதையான விஷயம்தான். நடுவுல "ஓமிசு" கேட்டு தண்ணி குடிங்க, சாக்கேவோட சேத்துக் குடிக்கற தண்ணிக்கு யவாராகி-மிசுன்னு அழகா ஒரு பேரே வச்சிருக்காங்க, கேட்டா தாய்ஷோ உங்களை விவரமான ஆளுன்னு நினைப்பார்.

பேச்சு: ஊரு எது, எவ்ளோ நாளா இருக்கீங்க, காரம் சாப்பிடுவீங்கல்ல, இது மூணும் கண்டிப்பா வரும். நீங்க மீனைப் பத்திக் கேளுங்க, எந்தக் கடல்ல இருந்து வந்துச்சுன்னு. சம்பளம், மதம், கல்யாணம் ஆகலையான்னு நம்ம ஊர் பஸ்ல கேக்கற மாதிரி கேக்காதீங்க. பக்கத்து ஆள் கிளாஸைப் பாத்துட்டே அமைதியா இருந்தா அவர் அதுக்குத்தான் வந்திருக்கார், விட்டுடுங்க.

படி 6: முடிக்கறது

கடைசி ஐட்டத்துக்கு ஷிமே-ன்னு பேரு, கட்டி முடிக்கறதுன்னு அர்த்தம். ஓச்சாசுகே, அதாவது சோத்து மேல சூடா டீயோ டாஷியோ ஊத்தி மேல உப்புல ஊறின ப்ளம் இல்லன்னா சால்மன் மீனு, குடிச்சு எரியற வயித்துக்கு நம்ம ரசஞ்சோறு பண்ற அதே வேலை. இல்லன்னா யாகி ஓனிகிரி, சோயா தடவி சுட்ட சோத்து உருண்டை, சுட நேரம் ஆகும், முன்கூட்டியே சொல்லிடுங்க. "ராசுதோ ஓதா"ன்னு குரல் வந்தா கடைசி ஆர்டர்.

ஒன்றரை மணி நேரம், ரெண்டு மணி நேரம் போதும். கிளாஸும் தட்டும் காலி, கதவுல யாரோ தலையை நீட்டி இடம் இருக்கான்னு கேக்கறாங்கன்னா எந்திரிக்கற நேரம் அதுதான். நீங்களா எந்திரிச்சு "தோசோ"ன்னு சீட்டைக் காட்டிப் பாருங்க, அடுத்த தடவை அந்தக் கடைல உங்க மரியாதையே வேற.

பில்லுக்கு "ஓகாய்கே ஓனெகாய் ஷிமாசு". ரெண்டு ஆள்காட்டி விரலையும் குறுக்கா வச்சுக் காட்டறதும் பில்லுதான், தூரமா இருந்தா அது சவுகரியம். சின்னத் துண்டுக் காகிதத்துல ஒரே ஒரு நம்பர் எழுதித் தருவாங்க, விவரம் இருக்காது, அதைப் பாத்து பயப்படாதீங்க. என்னோட போன தடவை கணக்கு கேட்டு வாங்கினேன், ஓதோஷி 400, பீர் 600, சாஷிமி 900, யாகிதோரி ரெண்டு குச்சி 360, சாக்கே ஒரு கோ 700, குடல் வேகவச்ச நிகோமி 550, ஓச்சாசுகே 500, மொத்தம் 4,010 யென். வயிறும் மனசும் நிரம்பி இவ்ளோதான். கையில 5,000 யென் ரொக்கமா வச்சுக்கோங்க, கார்டு எடுக்காத கடை இன்னும் நிறைய, பேபேன்னு (PayPay) போன்ல காசு கட்டற ஆப் ஸ்டிக்கர் இருந்தா உங்க அதிர்ஷ்டம். காசை கையில திணிக்காம சின்னத் தட்டுல வைங்க. டிப்ஸ் கிடையாது, பத்து யென் மிச்சம் விட்டுட்டு வந்தாலும் பின்னாடியே ஓடி வந்து குடுப்பாங்க, எனக்கு நடந்திருக்கு, சிக்னல் வரைக்கும் ஓடி வந்தார்.

கதவுகிட்ட நின்னு "கோச்சிசோசாமா தேஷிதா", சாப்பாட்டுக்கு நன்றின்னு அர்த்தம். இது மட்டும் சத்தமா சொல்லலாம், அவர் கை எந்த வேலைல இருந்தாலும் சரி.

ஸ்டேஷன் கடைசி ட்ரெயின் டைம் பாத்து வச்சுக்கோங்க, நள்ளிரவைச் சுத்தி முடிஞ்சுடும், டாக்ஸில போனா குடிச்சதை விட ஜாஸ்தி ஆகும். பக்கத்துக் கடைதானேன்னு சைக்கிள்ல போயிருந்தா திரும்ப அதுல ஏறாதீங்க, 2024 நவம்பர்ல இருந்து குடிச்சுட்டு சைக்கிள் ஓட்டினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 5 லட்சம் யென் வரைக்கும் அபராதம், தெரிஞ்சே உங்களுக்கு ஊத்தின கடைக்காரரையும் சேத்து மாட்டி விடுவீங்க. தள்ளிட்டே நடங்க, நான் அப்படித்தான் வருவேன், இருபது நிமிஷம், அந்தக் குளிருக்கு அது நல்லாவே இருக்கும்.